~ குறியை விரிப்பது யார்?

டெர்மினலில் cd ~/படங்கள் என்று தட்டினால், ஷெல் (நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) நம்மை நேராக ஹோம் டைரக்டரியில், அதாவது நம் சொந்தக் கோப்புறையில், உள்ள 'படங்கள்' டைரக்டரிக்குள் கொண்டுபோகிறது. அதே பாதையை மேற்கோள் குறிகளுக்குள் வைத்து, கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் கோப்பான ஸ்கிரிப்டில் எழுதினால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பிழை வருகிறது.

டில்டா எனப்படும் இந்தக் குறியின் பொருள் ஷெல்லுக்குத்தான் தெரியும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு அது மற்ற எழுத்துகளைப் போல ஓர் எழுத்து, அவ்வளவுதான். நிரலைத் தொடங்கும் முன்பே ஷெல் அந்தக் குறியை எடுத்துவிட்டு, ஹோம் ($HOME) என்ற சூழல் மாறியில் (ஷெல் ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைத்திருக்கும் இடம்) உள்ள முழுப் பாதையை அங்கே வைத்துவிடும். முதல் போர்ன் ஷெல்லில் இந்த வசதி இல்லை. 1970களின் பிற்பகுதியில் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லில் இருந்தது. அக்காலத்து ஏடிஎம்-3ஏ (ADM-3A) கணினி முனையத்தில் ~ குறியும் 'ஹோம்' என்ற சொல்லும் ஒரே விசையில்தான் இருந்தன.

சிக்கல் வருவது வரிசையில். லினக்ஸில் பரவலாக உள்ள பாஷ் ஷெல் முதலில் டில்டாவை விரிக்கிறது, அதன் பிறகுதான் மாறிகளின் மதிப்பை இடுகிறது. ஆகவே மாறிக்குள்ளிருந்து வெளிவரும் டில்டாவை அது திரும்பிப் பார்ப்பதில்லை. பயனர் தட்டச்சு செய்த பாதையையோ அமைப்புக் கோப்பிலிருந்து படித்த பாதையையோ பயன்படுத்தும் ஸ்கிரிப்டுகள் தடுமாறுவது இதனால்தான். மேற்கோள் குறிக்குள் இருந்தாலும் விரியாது. பாதையில் இடைவெளி இருந்தால் ~/ என்ற இரண்டையும் வெளியே விட்டு, மீதியை மட்டும் மேற்கோளுக்குள் வைக்க வேண்டும்: ~/"என் படங்கள்". சாய்கோடும் வெளியே இருப்பது முக்கியம்.

நாமே எழுதும் பாதை என்றால் டில்டாவை விட்டுவிட்டு ஹோம் மாறியையே பயன்படுத்துங்கள். அது இரட்டை மேற்கோளுக்குள்ளும் விரியும். வெளியிலிருந்து வரும் பாதை என்றால், அது ~/ என்று தொடங்குகிறதா எனச் சோதித்து, அந்த இரண்டு எழுத்துகளையும் வெட்டிவிட்டு, ஹோம் மதிப்பையும் ஒரு சாய்கோட்டையும் முன்னால் ஒட்டினால் போதும். சிலர் குறுக்குவழியாக 'இவால்' (eval) கட்டளையிடம் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பாதை என்ற பெயரில் யாராவது ஒரு கட்டளையை எழுதி அனுப்பினால், இவால் அதையும் இயக்கிவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மேற்கோளுக்குள் ~ வைத்து டைரக்டரி உருவாக்கும் ஸ்கிரிப்ட், இருக்கும் இடத்திலேயே ~ என்ற பெயரில் ஒன்றை உருவாக்கிவிடும். அதைப் பார்த்துப் பதறி, நீக்கும் கட்டளையில் வெறும் ~ என்று கொடுத்தால் அழிவது உங்கள் ஹோம் டைரக்டரி முழுவதும்! ./~ என்று எழுதுங்கள். டில்டா சொல்லின் தொடக்கத்தில் இல்லாததால் ஷெல் அதைத் தொடாது.