பாக்கெட் டார்ச்சின் மூன்றாவது நிமிடம்

டார்ச்சின் அட்டைப் பெட்டியில் ‘1000 லூமன் (ஒளியின் அளவு), 10 மணி நேரம்’ என்று போட்டிருந்தால், காசைக் கொடுக்கும் முன் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். பாக்கெட்டில் அடங்கும் சார்ஜ் டார்ச்சுகளில் பெரும்பாலும் இருப்பது 18650 லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அளவையே பெயராக வைத்துவிட்டார்கள். நல்ல செல் 3500 மில்லி ஆம்பியர் மணி வரை பிடிக்கும். சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். பெருக்கினால் 12.6 வாட் மணி. எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமன் தருவதாக வைத்துக்கொண்டால், 1000 லூமனுக்கு 10 வாட் வேண்டும். ஒண்ணேகால் மணி நேரத்தில் செல் காலி. பத்து மணி நேரம் எங்கிருந்து வரும்?

(9900 என்று அச்சடித்த 18650 செல்லும் சந்தையில் கிடைக்கிறது. அந்த அளவுக்குள் அவ்வளவு மின்சாரத்தை அடைக்க இன்றுவரை வழியில்லை. மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராம் அளவுக்கு இருக்கும்.)

ஆனால் பெட்டியில் போட்டிருப்பதை முழுப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. டார்ச்சை அளப்பதற்கு எஃப்எல்-1 என்றொரு அமெரிக்கத் தர அளவுகோல் இருக்கிறது. லைட்டைப் போட்டு 30 வினாடி கழித்து வெளிச்சத்தை அளப்பார்கள்; அது பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஓடுவதுதான் ‘எரியும் நேரம்’. ஒரு நிமிடம் 1000 லூமன், அப்புறம் பத்து மணி நேரமும் 110 லூமன் என்று எரிந்தாலும் விதிப்படி சரிதான். 12.6 வாட் மணிக்குள் இந்தக் கணக்கு அடங்கியும் விடுகிறது!

ஏன் குறைகிறது? சூடு. உள்ளே போகும் 10 வாட்டில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் வெளியே வரும். செல்லும் அலுமினியக் கூடும் சேர்ந்து நூறு கிராம்கூட இல்லாத பண்டம் அது. மூன்று நிமிடத்தில் 15 டிகிரி ஏறிவிடும். நம் ஊர்ச் சித்திரை இரவில் தொடக்கமே முப்பதுக்குப் பக்கம் என்றால், முடிவில் கையில் சுடத் தொடங்கிவிடும். சிப்பும் செல்லும் கெடாமலிருக்க உள்ளிருக்கும் மின்சுற்று தானாகவே மின்சாரத்தைக் குறைக்கும். டார்ச்சை மேஜையில் நிறுத்தி வைப்பதைவிடக் கையில் பிடித்தால் கொஞ்சம் தாமதமாக மங்கும். நம் ரத்த ஓட்டம் சூட்டை வாங்கிக்கொள்கிறது. ஆகவே கடையில் பளிச்சென்று அடித்துக் காட்டுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். மூன்றாவது நிமிடம் என்ன தருகிறது என்பதுதான் அந்த டார்ச்சின் உண்மையான வெளிச்சம்.

லூமன் என்பது மொத்த ஒளி. அது எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சொல்வது கேண்டலா. எங்கள் அப்பாருடைய அஞ்சு கட்டை (பேட்டரி) லைட்டில், பல்புக்குப் போன மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஒளியாகவில்லை. ஆனாலும் தோப்புக் கடைசித் தென்னை தெரியும். அகலமான ரிஃப்ளெக்டர் இருந்த ஒளியை ஒரே கற்றையாகக் குவித்தது. வீட்டிலேயே அளக்க, போனில் லக்ஸ் மீட்டர் செயலி போதும். (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவுதான் லக்ஸ்.) இருட்டில் 5 மீட்டர் தள்ளிப் போனை வைத்து அதன்மேல் அடியுங்கள். 100 லக்ஸ் காட்டினால், 5-இன் வர்க்கமான 25-ஆல் பெருக்கி 2500 கேண்டலா. பெட்டியில் இதை ‘100 மீட்டர்’ என்று போடுவார்கள். அந்தத் தூரத்தில் விழுவது கால் லக்ஸ். பௌர்ணமி வெளிச்சம் அளவுதான். போன் சென்சார் துல்லியமானதல்ல, ஆனால் இரண்டு டார்ச்சை ஒப்பிட அது போதும்.

இட்டேரியில் நடப்பவருக்கோ இந்தத் தூரமெல்லாம் வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் தடம். காலடியும் ஓரமும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். குறுகிய கற்றை அங்கே தொந்தரவுதான்.

நிறமும் முக்கியம். வெள்ளை எல்இடி உண்மையில் நீல எல்இடி. மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர் (ஒளிரும் பொடி) நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக்குவதால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. (அந்த நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல்.) இந்தக் கலவையில் சிவப்பு குறைச்சல். கரும்புச் சோகை, செம்மண், கண்ணாடிவிரியனின் பழுப்பு எல்லாம் மங்கி ஒன்றுபோலத் தோன்றும். ராத்திரியில் தண்ணி கட்டப் போகிறவருக்கு இது விளையாட்டல்ல. சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்ற மதிப்பெண்) 90-க்கு மேல் என்று போட்ட டார்ச்சில் சிவப்பு சேர்ந்திருக்கும். அதற்கு விலையாகக் கொஞ்சம் லூமன் குறையும். நான் அதைக் கொடுக்கத் தயார். சோதிக்க உள்ளங்கையே போதும்: நல்ல வெளிச்சத்தில் ரத்த நிறம் தெரியும், மட்டமானதில் வெளிறிக் கிடக்கும்.

சார்ஜ் துளை டைப்-சி என்பதாலேயே எல்லா ஒயரிலும் ஏறும் என்று நம்பி ஒருமுறை ஏமாந்தேன். இரண்டு முனையும் டைப்-சியாக உள்ள ஒயரில், ‘எனக்கு 5 வோல்ட் கொடு’ என்று சார்ஜருக்குச் சொல்ல டார்ச்சுக்குள் இரண்டு 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இருக்க வேண்டும். அந்தச் சில பைசாவை என் டார்ச்சில் மிச்சம் பிடித்திருந்தார்கள். வெளியூரில் இரவு முழுவதும் செருகி வைத்தும் ஏறவில்லை. பழைய யூஎஸ்பி ஒயரில் போட்டதும் ஏறிவிட்டது.

பாக்கெட்டுக்குள் தானாக எரிந்து துணியைச் சுடாமலிருக்கவும் ஒரு வழி உண்டு. பின்மூடியைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். மரையில் அனோடைஸ் பூச்சு இருந்தால், அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், மின்சுற்று அறுந்துவிடும்.

கோபி மாமாவுக்கு அப்படி ஒரு டார்ச் வாங்கிக் கொடுத்தேன். கட்டுத்தறியில் மாடு கன்று போடுகிற நிலை. மிகக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து நீட்டினேன். ஒரு லூமன்தான் இருக்கும்.

“ஏன் மாப்ள, சார்ஜு இல்லீங்களா?”

“இருக்குதுங்க மாமா. கண்ணு பழகட்டும்.”

மங்கலில் பார்க்க உதவும், கண்ணிலுள்ள குச்சிச் செல்கள் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். மாமா பத்து நிமிடத்திலேயே டார்ச்சைத் தரையில் வைத்துவிட்டு, மாட்டின் பின்னங்காலுக்கு அருகே குத்த வைத்துவிட்டார். அதுவும் மிரளவில்லை.