டிரவுட் மீனோட ஜன்னல்: கைடு ஏன் குனிஞ்சு நடக்க வைக்கிறார்?

அம்மாபேட்டையில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. மகளும் மாப்பிள்ளையும் நியூசிலாந்துல இருக்காங்களாம், லீவுக்கு ரோடே போகாத ஒரு ஆத்தங்கரை லாட்ஜுக்கு ஹெலிகாப்டர்ல போய் டிரவுட் மீன் பிடிச்சாங்களாம். கூட வந்த கைடு வெள்ளைச் சட்டை வேண்டாம்னுட்டார், கரையில குனிஞ்சே நடக்க வெச்சார், எப்பவும் மீனுக்குப் பின்பக்கமாவே கூட்டிட்டுப் போனார், ஆனா பேசுறதுக்கு ஒண்ணும் சொல்லலையாம். "எங்க வூட்டுக்காரர் மேட்டூர் டேம்ல தூண்டில் போட்டா எங்களை வாயே திறக்க விடமாட்டார், ஆனா அவர் பாட்டுக்கு நிமிர்ந்து நிப்பார், யார் செய்யுறது சரி?"ன்னு கேள்வி. ரொம்ப நல்ல கேள்வி, பதில்ல பாதிக்கு மேல ஸ்கூல்ல படிச்ச ஒளி விலகல்தான்.

முதல்ல டிரவுட் பத்தி வேகமா சொல்லிடுறேன். அது குளிர்ந்த தண்ணி மீன், 10ல இருந்து 16 டிகிரிதான் அதுக்கு சுகம், 25 டிகிரியைத் தாண்டினா தாக்குப் பிடிக்காது. தண்ணி சூடாக சூடாக அதுல கரையுற ஆக்சிஜன் குறையும், 10 டிகிரியில லிட்டருக்கு 11 மில்லிகிராம் இருக்கிறது 30 டிகிரியில ஏழரைக்கு வந்துடும். அதனாலதான் 2000 மீட்டருக்கு ரொம்பக் கீழ இருக்கிற நம்ம ஏற்காடு ஏரி அதுக்கு சரிப்படாது, கோடையில அங்க கிளியூர் அருவி வத்திக் கிடக்கிற கிடையைப் பாத்தாலே தெரியும். நீலகிரியில 2000 மீட்டருக்கு மேல ஆறு வருஷம் பூரா ஜில்லுனு ஓடுது, அங்க அவலாஞ்சியில 1907லயே டிரவுட் குஞ்சு பொரிக்கிற பண்ணை கட்டிட்டாங்க.

இந்த இடத்துல எனக்கு ஒரு ஆதங்கம். வெளிநாட்டு மீனுக்கு நூறு வருஷம் முன்னாடியே பண்ணை வந்துடுச்சு, ஆனா நம்ம காவிரியிலயே 50 கிலோவுக்கு மேல வளர்ந்த திமில் மாசீர் மீன் எந்த இனம்னு அறிவியல்ல உறுதியானது 2018லதான், அதே வருஷம் அது அழிவின் விளிம்புல இருக்குன்னு சிவப்புப் பட்டியல்லயும் ஏத்திட்டாங்க. எந்த இனம்னு தெரியுறதுக்குள்ள காணாமப் போற நிலைமை. நம்ம ஆத்து மீன் ஆராய்ச்சிக்குக் காசு ஒதுக்குறது ஆடம்பரம்னு யாராவது சொன்னா எனக்கு உண்மையிலேயே கோவம் வருது.

சரி, ஜன்னலுக்கு வருவோம். கிணத்துல கண்ணாடி போட்டுக்கிட்டு முங்கி அண்ணாந்து பாத்தவங்களுக்கு இது தெரியும், தலைக்கு மேல ஒரு வட்டம், அதுக்குள்ள வானம், கிணத்து மேட்டுல நிக்கிற பசங்க எல்லாமே தெரியும், வட்டத்துக்கு வெளியில தண்ணியோட மேல்பரப்பு அடியில இருந்து பாக்கிறப்ப முகம் பாக்கிற கண்ணாடி மாதிரி, கிணத்துச் சுவரும் அடித்தரையும்தான் அதுல தெரியும். தண்ணியோட விலகல் எண் 1.33, அதனால செங்குத்துல இருந்து சுமார் 49 டிகிரிக்கு மேல சாய்ஞ்சு போற ஒளி வெளியேற முடியாம முழுசா உள்ளேயே எதிரொளிக்குது. ரெண்டு பக்கமும் சேத்தா சுமார் 97 டிகிரி கூம்பு, அந்த வட்டம்தான் மீனோட ஜன்னல். வெளி உலகத்தோட 180 டிகிரியும் இந்த 97க்குள்ள அடங்கியாகணும்.

அடங்குறப்ப எல்லாம் சமமா சுருங்கினா இந்தக் கட்டுரையே தேவையில்லை. நேர் உச்சியில இருக்கிறது அதிகம் சுருங்காது, தரையை ஒட்டி இருக்கிறதுதான் காலையில டவுன் பஸ் படிக்கட்டுக் கூட்டம் மாதிரி ஓரத்துல நசுங்கிப் போகுது. கணக்கு போட்டுப் பாருங்க, தரையில இருந்து முதல் 10 டிகிரி முழுக்க மீனுக்கு வெறும் 1 டிகிரி. ஆறடி ஆள் வட்டத்து ஓரத்துல இருந்து 30 அடி தள்ளி நின்னா 11 டிகிரி உயரம், மீனுக்கு அது ஒரு டிகிரியும் கொஞ்சமும்தான். அதே ஆள் 10 அடிக்குக் கிட்ட வந்தா எட்டரை டிகிரி, ஆளே வந்து நிக்கிற மாதிரி. 30 அடியில குனிஞ்சு மூணடி உயரமாயிட்டா ஒரு டிகிரியில மூணுல ஒரு பங்கு! அதோட அவ்வளவு சாய்வா வர்ற ஒளியில பெரும்பகுதி தண்ணி மேலயே பட்டு எதிரொளிச்சுப் போயிடுது, அதனால அந்த ஓரம் மங்கலாவும் இருக்கும். வெள்ளைச் சட்டை அந்த மங்கல்லயும் பளிச்சுனு அசையும், அதான் வேண்டாங்கிறார். டிரவுட் ஓட்டத்தை எதிர்த்து முகம் வெச்சு நிக்கும், நேர் பின்பக்கம் அதுக்குக் கண் எட்டாது, அதனால ஆத்து ஓட்டத்தோட கீழ்ப்பக்கமிருந்து போறாங்க.

எனக்குப் பிடிச்ச இடம் இனிமேதான். தூண்டில் முள்ளுல ரோமமும் இறகும் கட்டிப் பூச்சி மாதிரி செஞ்சு தண்ணி மேல மிதக்க விடுவாங்க. அது வட்டத்துக்கு வெளிய இருக்கிறப்ப மீனுக்குப் பூச்சி தெரியாது, அதோட கால் பட்டுக் கண்ணாடி குழியுற இடத்துல சின்னச் சின்ன ஒளிப்புள்ளி மட்டும்தான் தெரியும். மிதந்து கிட்ட வர வர வட்டத்து ஓரத்துல முதல்ல இறக்கை மட்டும் தனியா முளைக்கும், கால் புள்ளி ஒரு இடம், இறக்கை ஒரு இடம்னு பிரிஞ்சு கிடந்து, ஓரத்தைத் தாண்டுறப்ப ரெண்டும் சேர்ந்து ஒரு பூச்சி ஆகும். மீன் மேல ஏறுறப்ப வட்டமும் கூடவே சுருங்குது, ரெண்டடி ஆழத்துல நாலரை அடி அகலமா இருந்தது அரையடி ஆழத்துல ஒரு அடிதான். சுருங்குற அந்த ஜன்னலுக்குள்ள பூச்சியை நழுவ விடாமப் பிடிச்சு வாய்ல கவ்வுது பாருங்க, எத்தனை தடவை யோசிச்சாலும் எனக்கு மலைப்பாதான் இருக்கு.

இப்ப பேச்சு. காத்துல வர்ற சத்தத்தோட ஆற்றல்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் தண்ணிக்குள்ள இறங்கும், மீதி மேலயே திரும்பிடும். அதனால பேசினா மீன் ஓடிடும்ங்கிறது பெரும்பாலும் நம்பிக்கைதான். ஆனா கரையில தொம்முனு மிதிக்கிறது, பரிசல்ல துடுப்பைப் போடுறது எல்லாம் நேரா தண்ணிக்குள்ள போகும், மீன் உடம்பு நீளத்துக்கும் இருக்கிற பக்கக்கோடு அந்த அதிர்வைப் பிடிச்சிடும். மேட்டூர்ல கிடைக்கிற கட்லா, ரோகு மாதிரி கெண்டைகளுக்குக் காத்துப்பைக்கும் உள்காதுக்கும் நடுவுல சின்ன எலும்புச் சங்கிலி வேற இருக்கு, டிரவுட்டை விட காது கூர்மை. அதனால அக்கா, நீங்க தாராளமா பேசலாம், காலை மட்டும் மெதுவா வைங்க. குனியுறதும் தண்ணியைப் பொறுத்ததுதான், தெளிஞ்சு இருந்தா உங்க வூட்டுக்காரர் குனிஞ்சே ஆகணும், மூக்கனேரி மாதிரி பச்சையா கலங்கிக் கிடந்தா அந்த ஜன்னல் வழியா பெருசா எதுவும் தெரியாது, அங்க நிமிர்ந்தே நிக்கட்டும்.