பெயின்ட் அடித்த பானை

இன்சுலின் போட்டும் சர்க்கரை இறங்கவே மாட்டேன் என்கிறது என்று ஒரு பாட்டி வந்தார். அளவு சரி, ஊசி போடும் இடம் சரி, வேளையும் தவறவில்லை. வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது என்பதால் மருந்தை மண்பானையில் வைக்கச் சொல்லியிருந்தேன். "அதுலதான் டாக்டர் வைக்கிறேன்" என்றார். அடுத்த முறை பானையையும் எடுத்து வரச் சொன்னேன். துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்தால், பளபளவென்று நீல பெயின்ட், அதன்மேல் வெள்ளைப் பூக்கள். "பேரன் வரைஞ்சு குடுத்தான்" என்று அவருக்கு ஒரே பெருமை.

தப்பு பேரன்மேல் இல்லை, என்மேல்தான். பானையில் வையுங்கள் என்றேனே ஒழிய, பானை எதனால் குளிர்கிறது என்று சொல்லவில்லை. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியே கசியும் நீர் வெளியே ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். துளையை பெயின்ட் அடைத்துவிட்டால், அது தகரக் கூரைக்கடியில் வேகும் வெறும் பாத்திரம்.

இதையே பெரிய அளவில் செய்து காட்டியவர் வடக்கு நைஜீரியாவைச் சேர்ந்த ஆசிரியர் முகமது பா அப்பா. ஒரு பானைக்குள் இன்னொரு பானை, இடையில் ஈர மணல், வாயை மூட ஈரத்துணி. 3 நாளில் வதங்கும் கத்தரிக்காய் அதில் 27 நாள் தாங்கியது. 2000ஆம் ஆண்டு அவருக்கு, கடிகார நிறுவனமான ரோலெக்ஸ் வழங்கும் விருது கிடைத்தது. ஆனால் அந்த ஊரின் காற்று வறண்ட காற்று. கடலோரத்திலும் அடைமழை நாட்களிலும் அதே பானை பாதி வேலைகூடச் செய்யாது. காற்றே ஈரமாக இருந்தால் நீர் எங்கே ஆவியாகும்? இன்சுலின் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். பானையால் ஃபிரிட்ஜ் குளிர்ச்சி வராது, வரவும் வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் குப்பியைக் கடும் சூட்டிலிருந்து காத்தால் போதும். நிழலில், காற்றோட்டமாக, மருந்தில் தண்ணீர் படாமல் வையுங்கள்.

எளியவர்களின் கண்டுபிடிப்புகளைப் பற்றிப் பேசினால் எல்லோரும் கைதட்டுகிறோம். எனக்கோ கைதட்டலைவிடக் கவலைதான் அதிகம். உருவம் ஊர் ஊராகப் போகிறது, காரணம் மட்டும் கிளம்பிய இடத்திலேயே தங்கிவிடுகிறது.

மருத்துவர்களைத்தான் முதலில் குறை சொல்வேன். தண்ணீரைக் கொதிக்க வையுங்கள் என்று எழுதிக் கொடுப்பது எங்களுக்குச் சுலபம். அடுப்பெரிக்க விறகு யார் தருவது என்று பல வருடம் நானும் கேட்டதில்லை. வங்கதேசத்தில் மட்லாப் பகுதியில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் வேறு வழியில் போனார்கள். காலரா கிருமி நீரில் மிதக்கும் நுண்ணிய உயிரிகள்மேல் ஒட்டிக்கொண்டுதான் பெரும்பாலும் பயணிக்கிறது. அந்த உயிரியைப் பிடித்தால் கிருமியும் மாட்டும். பிடிக்கும் வலை வீட்டிலேயே இருந்தது, பழைய பருத்திச் சேலை. நான்கு முதல் எட்டு மடிப்பாக்கிக் குடத்தின் வாயில் கட்டி வடிகட்டினார்கள். 65 கிராமங்களில் நடத்திய ஆய்வில் காலரா 48 சதவீதம் குறைந்ததாக 2003இல் வெளியிட்டார்கள்.

புதுச் சேலையைவிடப் பழஞ்சேலை நன்றாக வேலை செய்தது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். துவைத்துத் துவைத்து நூல் பஞ்சுபஞ்சாகப் பிரிந்து துணியின் துளைகள் சுருங்கிவிடுகின்றன. காரணம் தெரியாதவர் மரியாதைக்குப் புதுத்துணியை எடுப்பார், அதையும் ஒற்றையாகக் கட்டுவார். இன்னொன்று, துணிக்கு வைரஸ் சிக்காது, தனியே மிதக்கும் கிருமியும் சிக்காது. வேறு வழியே இல்லாதபோது ஆபத்தைக் குறைக்கத்தான் அது.

குடிநீரின் கிருமியைக் கொல்ல வெயிலில் பாட்டில் வைக்கும் முறையும் இதே கதைதான். 1980களில் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் அஃப்திம் அக்ரா ஆராய்ந்த வழி. நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி நல்ல வெயிலில் 6 மணி நேரம் படுக்கவைக்க வேண்டும். மேகமூட்டம் என்றால் 2 நாள். கிருமியைக் கொல்வது முக்கியமாகப் புற ஊதாக் கதிர், சூடு துணைக்கு. ஒரு அம்மா பச்சை பாட்டிலில் கலங்கல் தண்ணீரை வைத்துவிட்டு, "நாள் முழுக்க வெயில்லதான் இருந்துச்சு" என்றார். அந்த நிறமும் கலங்கலும் கதிரை வழியிலேயே மறித்துவிடும். இதற்கு ஒரு சோதனை உண்டு. செய்தித்தாளின் தலைப்பு எழுத்தின்மேல் பாட்டிலை நிற்கவைத்து, வாய் வழியாகக் கீழே பாருங்கள். எழுத்தைப் படிக்க முடியாவிட்டால் முதலில் தெளியவையுங்கள்.

மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்த அருணாசலம் முருகானந்தம் கதை நமக்கெல்லாம் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். பார்க்கப் பஞ்சுபோல் இருக்கிறதே என்று முதலில் அவரும் பஞ்சை வைத்துத்தான் நாப்கின் செய்தார், தோற்றார். உள்ளே இருப்பது மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்க இரண்டு வருடத்துக்கும் மேல் ஆனது. இயந்திரம் அதற்குப் பிறகுதான் வந்தது.

எனக்கு நெருக்கமான உதாரணம் தீக்காயத்தில் இருக்கிறது. காலி மருந்து பாட்டில், ஓட்டை போட்ட தகர மூடி, ஒரு திரி, கொஞ்சம் மண்ணெண்ணெய். குப்பி விளக்கும் ஏழைகளின் கண்டுபிடிப்புதான், அதில் வெளிச்சத்துக்குக் குறையில்லை. ஆனால் பாட்டில் உயரமானது, எடையும் இல்லை, மூடி சும்மா உட்கார்ந்திருக்கும். குழந்தையின் கை பட்டால் உருண்டு, எண்ணெய் கொட்டி, உடுப்பில் பற்றும். தீக்காயப் பிரிவில் கட்டுப் பிரிக்கும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இலங்கையில் அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர இதைப் பார்த்துப் பார்த்து, விளக்கையே மாற்றினார். ரொட்டியில் தடவும் மார்மைட் விழுது வரும் குட்டையான கனத்த பாட்டில் சாயாமல் நிற்பதைக் கவனித்ததுதான் தொடக்கம். குள்ளமான தடித்த கண்ணாடி, உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை, திருகி இறுக்கும் உலோக மூடி. 1998இல் அவருக்கும் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. குப்பி விளக்கு ஏற்றாதே என்று அவர் யாரையும் திட்டவில்லை. மக்கள் செய்ததில் எது பிசகு என்று பார்த்து, அதை மட்டும் மாற்றினார்.

பாட்டிக்குப் புதுப் பானை, புது மருந்து. இந்த முறை பேரனையும் உட்காரவைத்து, பெயின்ட் அடித்த பானையில் ஒரு சொட்டும் கசியாததையும் அடிக்காத பானை வியர்ப்பதையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கீழேயும் காற்றுப் போக முக்காலிமேல் வைக்கணும் என்று அவனே கண்டுபிடித்தான். அடுத்த மாதம் சர்க்கரை இறங்கியிருந்தது. "பானையில கை வைக்கலை டாக்டர்" என்றான் பையன். வெள்ளைப் பூக்கள் முக்காலிக்குப் போய்விட்டன.