சுருட்டின் தலையில் ஒரு சொட்டுப் பிசின்

கியூபாவின் தலைநகர் ஹவானாவில் சுருட்டு சுற்றுகிறவரின் மேசையில் அதிகம் சாமான்கள் இருக்காது. ஒரு மரப்பலகை. பிறை வடிவில், கைப்பிடி இல்லாத ஒரு கத்தி. அதற்குச் சவேத்தா என்று பெயர். ஈரம் போகாமல் மூடி வைத்த இலைக்கட்டு. அப்புறம் ஓரமாக ஒரு சின்னக் கிண்ணம். அதற்குள் வெந்தயம் ஊறிய தண்ணீர் போல வழவழவென்று ஒன்று இருக்கும். அதைக் கோமா என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பிசின் என்று பொருள்.

உள்ளே வைக்கும் இலைகளை மடித்து, அவற்றைக் கட்டு இலையால் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் அழகான மேல் இலையைச் சாய்வாக ஓட்டிக்கொண்டு போவார். சுற்றி முடியும் தறுவாயில்தான் கிண்ணத்துக்கு வேலை வரும். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துத் தலைப்பக்கம் தடவி, நாணயம் அளவுக்கு வெட்டிய ஒரு வட்ட இலைத்துண்டைத் தொப்பி போல வைத்து அழுத்திவிடுவார். மொத்தச் சுருட்டும் பிரியாமல் இருப்பது அந்த ஒரு சொட்டால்தான்.

பீடிக்கு இந்தக் கவலை கிடையாது, நூலால் கட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'செரூட்' என்று சொல்லும் சுருட்டுக்கு இரண்டு முனையும் திறந்தே இருக்கும், அதற்குத் தொப்பி தேவையில்லை. அந்த ஆங்கிலச் சொல்லே நம்முடைய 'சுருட்டு' என்ற சொல்லிலிருந்து போனதுதான். கியூபச் சுருட்டின் தலைதான் மூடியது. மூடிய தலைக்குப் பசை வேண்டும், அதுவும் வாயில் வைக்கும் இடத்தில் வேண்டும். ருசி, மணம், நிறம் எதுவும் இருக்கக் கூடாது. காய்ந்தபிறகு விறைத்துக்கொள்ளவும் கூடாது. வீட்டில் சுருட்டு சுற்றிப் பழகுகிறவர்கள் எந்தப் பசை நல்லது என்று ஓயாமல் விவாதிப்பது இதனால்தான்.

நான் புகைப்பதில்லை. புகையை உள்ளே இழுக்காமல் வாயோடு விட்டாலும் சுருட்டு வாய்ப் புற்றுநோயைத் தரும். பசை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது மாறாது. என் ஆர்வமெல்லாம் அந்தக் கிண்ணத்தின் மீது. சமையலறையில் இருக்கிற பொருட்களைக் கொண்டே அதைப் புரிந்துகொள்ள முடியும் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சோற்றிலிருந்து தொடங்கலாம். கோந்து தீர்ந்துபோனால் நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கிக் கடித உறையை ஒட்டியது பலருக்கும் நினைவிருக்கும். அரிசியில் இருப்பது மாவுச்சத்து. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி அது. அந்தச் சங்கிலி நெடுகிலும் ஹைட்ராக்சில் என்ற சின்னச் சின்னக் கொக்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீருக்கு அந்தக் கொக்கிகளைப் பிடிக்கும். காகிதத்தில் இருப்பது செல்லுலோஸ், அதுவும் குளுக்கோஸ் சங்கிலிதான், அதிலும் இதே கொக்கிகள் உண்டு. இலையின் செல் சுவரும் செல்லுலோஸ், பெக்டின் என்று அதே குடும்பம்தான்.

பசை ஈரமாக இருக்கும்போது அதன் கொக்கிகளைத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறது. பசை வழுக்கிக்கொண்டு இலையின் மேடுபள்ளத்துக்குள் எல்லாம் இறங்குகிறது. பிறகு தண்ணீர் மெல்ல வெளியேறுகிறது, பாதி காற்றுக்கு, பாதி இலைக்குள். பிடித்துக்கொள்ளத் தண்ணீர் இல்லாத கொக்கிகள் பக்கத்தில் இருக்கும் இலையின் கொக்கிகளைப் பிடித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு பிடியும் பலவீனமானது. ஆனால் கோடிக்கணக்கில் சேரும்போது இலை கிழியுமே தவிர ஒட்டு விடாது. பசையை மெல்லிசாகத் தடவச் சொல்வதும் இதனால்தான். தடிமனாகத் தடவினால் நடுவில் உள்ள தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. மேலே காய்ந்தும் உள்ளே குழகுழவென்றும் கிடந்து, இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும்.

தண்ணீர் போனால் ஒட்டும், சரி. தண்ணீர் திரும்பி வந்தால்? சுருட்டைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான கேள்வி. புகையிலை காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும், காற்று காய்ந்தால் சுருங்கும். அதனால்தான் சுருட்டை 65 முதல் 70 சதவீதம் வரை ஈரப்பதம் உள்ள பெட்டியில் வைக்கிறார்கள். பெட்டியைத் திறந்து மூடும்போதெல்லாம் இலை கொஞ்சம் விரிகிறது, கொஞ்சம் சுருங்குகிறது. அதன்மேல் இருக்கும் பசையும் கூடவே விரிந்து சுருங்க வேண்டும். விறைப்பான பசை இருந்தால் அதன் விளிம்பில் இலை வெடிக்கும்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒவ்வொரு பசையின் குணமும் தானாகப் பிடிபடும்.

மாவுப் பசை மலிவு, நன்றாக ஒட்டும். ஆனால் மாவுச்சத்தில் இரண்டு வகைச் சங்கிலி இருக்கிறது. அமைலோஸ் நேராக நீண்டது, அமைலோபெக்டின் மரக்கிளை போலக் கிளைத்தது. நேரான சங்கிலிகள் ஆறியதும் ஒன்றோடொன்று ஒட்டி வரிசைகட்டி இறுகிவிடும். தட்டில் காய்ந்த பருக்கை கல்லாகிப் போவது இதனால்தான். கோதுமை மாவிலும் சோள மாவிலும் இந்த நேர் சங்கிலி ஏறக்குறைய கால் பங்கு. மரவள்ளி மாவில் அதைவிடக் குறைவு, ஆகவே ஜவ்வரிசிக் கஞ்சி கண்ணாடி போலத் தெளிவாக, இழுவையாக வரும். மாவுதான் வேண்டும் என்றால் நான் மரவள்ளியைச் சொல்வேன். ஒரு பங்கு மாவைப் பத்துப் பங்கு குளிர்ந்த நீரில் கரைத்து, கிளறிக்கொண்டே சூடாக்கினால் பால் நிறம் மாறிச் சட்டென்று கண்ணாடியாகும் ஒரு நொடி வரும். சுமார் 60, 70 டிகிரியில் மாவு மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பி உடையும் நொடி அது. அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்தது அகாசியாப் பிசின். சூடான் நாட்டில் அகாசியா செனகல் என்ற மரத்தின் பட்டையைக் கீறி எடுப்பது. நம் ஊர் வேலம்பிசின் அதற்கு உறவு. இதன் சங்கிலி பந்து போலச் சுருண்டு கிளைத்திருக்கும். அதனால் தண்ணீரில் பாதிக்குப் பாதி கரைத்தாலும் ஓடுகிற பதத்திலேயே இருக்கும். பழைய கோந்துப் புட்டியில் இருந்தது இதுதான். ஆனால் காய்ந்தால் கண்ணாடித் துண்டாகி, வளைத்தால் நொறுங்கும். காகிதத்துக்கு அது பரவாயில்லை. மூச்சு விடுகிற இலைக்கு ஒத்துவராது.

கியூபாவிலும் மற்ற இடங்களிலும் பழைய காலத்திலிருந்து பேர்பெற்றது டிராககாந்த் பிசின். ஈரான், துருக்கி மலைகளில் வளரும் அஸ்ட்ராகலஸ் என்ற முட்புதரிலிருந்து வருவது. இதில் ஒரு பகுதி தண்ணீரில் கரையும். இன்னொரு பகுதி கரையாமல் பல மடங்கு உப்பும். மதுரை ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசினை ஊறவைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த உப்புதல் தெரியும்: இரவு ஒரு கல் போட்டால் காலையில் கிண்ணம் நிறைய ஜெல்லி. அந்த ஜெல்லியைத் தொட்டால் விரலில் ஒட்டாமல் வழுக்கும், ஏனென்றால் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கின்றனவே தவிரப் பிரிந்து இலையைப் பிடிக்க வருவதில்லை. டிராககாந்தில் கரையும் பகுதியும் இருப்பதால் அது ஒட்டுகிறது, உப்பும் பகுதி அதைக் கெட்டியாகவும் வளையும்படியும் வைத்திருக்கிறது. அருமையான கூட்டணி, ஆனால் விலை அதிகம்.

விலை குறைந்த வழி நம் காய்கறிக் கூடையிலேயே இருக்கிறது. கொத்தவரங்காய்! காயின் விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசினை உலகிலேயே அதிகம் விளைவிப்பது இந்தியா, அதிலும் ராஜஸ்தான்தான். இது மேனோஸ் என்ற சர்க்கரையின் நேர்ச் சங்கிலி. இரண்டு மேனோசுக்கு ஒன்று என்ற கணக்கில் காலக்டோஸ் பக்கக்கிளையாகத் தொங்குகிறது. அந்தக் கிளைகள் இடையில் நிற்பதால் சங்கிலிகள் மாவுச்சத்தைப் போல வரிசைகட்டி இறுக முடியாது. அடுப்பும் வேண்டாம், பச்சைத் தண்ணீரிலேயே கரையும். நூறு மில்லி தண்ணீருக்கு இரண்டு கிராம் போட்டாலே கரண்டியிலிருந்து விழத் தயங்கும் பதம் வந்துவிடும். வெந்தயத்தின் வழவழப்பும் இதே குடும்பம்தான், மணம் மட்டும் ஒத்துவராது.

குவார் பசையைத் தடவும்போது ஒரு நல்ல விஷயம் நடக்கிறது. கிண்ணத்தில் அசையாமல் கெட்டியாக இருப்பது, விரலால் தேய்த்த கணத்தில் இளகி ஓடும். விரல் நின்றதும் மறுபடி கெட்டியாகும். சிக்கிக் கிடக்கும் சங்கிலிகள் தேய்ப்பில் ஒரு திசையில் நேராகி வழிவிடுவதுதான் காரணம். மெல்லிசாகப் பரப்பவும் முடிகிறது, தொப்பி நழுவாமல் நிற்கவும் செய்கிறது. டிராககாந்துக்கும் இதே குணம் உண்டு.

பழங்களிலிருந்து எடுக்கும் பெக்டினையும் வீட்டில் சுற்றுகிறவர்கள் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். ஆப்பிள் சக்கையிலும் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலிலும் இருப்பது. இலையிலேயே பெக்டின் இருப்பதால் ஒட்டு நன்றாகவே பொருந்தும். ஒரே எச்சரிக்கை: ஜாம் செய்ய விற்கும் பொட்டலங்களில் பெரும்பாலும் சர்க்கரையும் சிட்ரிக் அமிலமும் கலந்திருக்கும். ஜாம் உறைய அவை தேவை, நமக்கோ இரண்டும் தொந்தரவு. சர்க்கரை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், அமிலம் உதட்டில் புளிக்கும். தேனையும் வெல்லப்பாகையும் இதே காரணத்துக்காகத் தள்ளிவிடலாம். அவற்றின் சர்க்கரை மூலக்கூறுகள் மிகச் சிறியவை, காயவே காயாது, எறும்பும் வரும்.

சரி, கலக்கலாமா? கலக்கலாம், ஆனால் கூட்டல் கணக்கு இங்கே செல்லாது. டிராககாந்தோடு அகாசியாப் பிசினைக் கலந்தால் இரண்டும் சேர்ந்து இன்னும் கெட்டியாகும் என்றுதான் நினைப்போம். நடப்பது நேர்மாறு, கலவை தனித்தனிப் பிசின்களைவிட நீர்த்துப்போகும். குவாரோடு சாந்தன் பிசினைக் கலந்தாலோ இரண்டும் பின்னிக்கொண்டு எதிர்பார்த்ததைவிடக் கெட்டியாகும். சாந்தன் மரத்திலிருந்து வருவதில்லை, முட்டைக்கோசைத் தாக்கும் ஒரு பாக்டீரியாவை வளர்த்து எடுப்பது. எனக்குப் பிடித்த கலவை எளியது: மரவள்ளிக் கஞ்சி ஆறியபிறகு அதில் ஒரு சிட்டிகை குவார். மாவு பிடிமானம் தருகிறது, குவார் விறைக்காமல் பார்த்துக்கொள்கிறது. குவார் பொடியை அப்படியே தண்ணீரில் கொட்டினால் வெளியே ஈரமும் உள்ளே உலர்ந்த மாவுமாக மீன்கண் போலக் கட்டி தட்டும். தண்ணீரைச் சுழலவிட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். அப்புறம் பத்து நிமிஷம் சும்மா விட வேண்டும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் செய்வது உத்தமம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். சுவரொட்டிக்கும் புத்தகக் கட்டுக்கும் காய்ச்சும் மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது காப்பர் சல்பேட், விஷம். இயற்கைப் பசைதானே என்று அதை வாய்க்குப் போகும் எதிலும் தொடவே கூடாது. கடையில் விற்கும் வெள்ளைப் பசையும் வேண்டாம். அது பாலிவினைல் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக். காய்ந்தபின் இலையோடு சேர்ந்து விரிந்து சுருங்காது, நெருப்பு பட்டால் அசிட்டிக் அமிலம் போன்றவற்றை வெளியிட்டுச் சிதையும்.

இதையெல்லாம் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. புகையிலைக்குப் பதிலாக வாழைச் சருகை எடுத்துக்கொண்டேன். ஈரத்துணியில் சுற்றி வைத்து, துணி போல மடங்கும் பதம் வந்ததும் விரல்நீளத் துண்டுகளாக வெட்டி, பென்சிலில் ஒவ்வொன்றாகச் சுற்றி ஒட்டினேன். ஒன்றில் வெள்ளைப் பசை, ஒன்றில் வேலம்பிசின், ஒன்றில் மரவள்ளியும் குவாரும். ராத்திரி ஈரத்துணி வைத்த டப்பாவுக்குள், பகலில் மின்விசிறிக்குக் கீழே என்று ஒரு வாரம் மாற்றி மாற்றி வைத்தேன்.

ஏழாம் நாள் வேலம்பிசின் ஒட்டு, அழுத்தியதும் சின்னச் சத்தத்தோடு விட்டுவிட்டது. பென்சிலில் பொன்னிறப் பொருக்குகள் உதிர்ந்து கிடந்தன. வெள்ளைப் பசை விடவில்லை, ஆனால் அதன் விளிம்பு நெடுகச் சருகு கோடு போட்டதுபோல வெடித்திருந்தது. குவார் கலவை இருந்த துண்டு அப்படியே இருந்தது. அதன் ஓரத்தில் ஈர விரலை வைத்து அரை நிமிஷம் காத்திருந்தேன். சருகு ஒரு நார்கூடக் கிழியாமல் மெல்ல எழும்பி வந்தது. மறுபடி அழுத்தினேன், ஒட்டிக்கொண்டது.