பைபாஸுக்குப் பிறகு அப்பா ஏன் இப்படிப் பேசுகிறார்?

இதய அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து நரம்பியல் மருத்துவருக்கு அழைப்பு வருவது பெரும்பாலும் அறுவை முடிந்த இரண்டாம், மூன்றாம் நாளில். ஐசியூ வாசலில் மகனோ மகளோ கலங்கிப்போய் நிற்பார்கள். "டாக்டர், அப்பாவுக்கு மூளை பாதிச்சிருச்சா?" ராத்திரி முழுக்கத் தூங்காமல் டியூபைப் பிடுங்கப் பார்த்திருப்பார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். எப்போதோ இறந்துபோன தம்பியைக் கூப்பிடுவார். காலையில் பார்த்தால் ஓரளவு தெளிவாக இருப்பார். சாயங்காலம் மறுபடி குழப்பம்.

இதை டெலிரியம் என்கிறோம். வயதானவர்களுக்கு இதய அறுவைக்குப் பின் இது மிகச் சாதாரணம். பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். மயக்க மருந்து, தூக்கமின்மை, வலி, நோய்த்தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது என்று பல காரணங்கள் சேர்ந்துகொள்ளும். குடும்பங்கள் எங்களிடம் மறைக்கிற காரணம் ஒன்று உண்டு: குடி. தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் பிதற்றலும் வரும், வலிப்புகூட வரலாம். முன்கூட்டியே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுக்க முடியும். மருமகள் எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் டாக்டரிடம் தனியாகவாவது சொல்லிவிடுங்கள்.

மூக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் தொலைந்துவிடும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து கொண்டுவாருங்கள். கண்ணும் காதும் மங்கிய நிலையில் ஐசியூவில் கண்விழிக்கிற பெரியவருக்கு எந்த இடம், எந்த நேரம் என்றே புரியாது. பார்க்க விடும்போது கையைப் பிடித்து, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். பேச்சே இல்லாமல் சுருண்டு கிடப்பவருக்கும் டெலிரியம் இருக்கலாம். "நல்லாத் தூங்குறார்" என்று விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை.

பக்கவாதம் வேறு விஷயம். பைபாஸ் செய்த நூறு பேரில் ஒருவர் இருவருக்கு வரும். வால்வு அறுவையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியில் கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) போட்டு எடுக்கும்போது அதன் உட்சுவரில் படிந்த கொழுப்புத் துணுக்குகள் உடைந்து மூளைக்குப் போகலாம். அப்புறம், இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் பலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும். அப்போது உருவாகும் ரத்தக்கட்டியும் மூளைக்குப் போகலாம். வாய் கோணுவது, ஒரு பக்கக் கை தளர்வது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் பார்வை தெரியாமல் போவது, இதில் எது தெரிந்தாலும் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். "மயக்கம் இன்னும் தெளியலை போல" என்று காத்திருக்க வேண்டாம். பெரிய அறுவை முடிந்த கையோடு கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாகப் போட முடியாது. ஆனால் பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால், தொடை வழியாக வயர் செலுத்திக் கட்டியை எடுக்கலாம். அதற்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மரத்துப்போனால், மார்பெலும்பை விரிக்கும்போது தோள் பக்க நரம்பு இழுபட்டிருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள், பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும்.

ஞாபக மறதி பற்றியும் கேட்கிறார்கள். பைபாஸ் செய்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு ஐந்து வருடத்தில் நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் குறைந்திருந்ததாக அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வு 2001இல் சொன்னது. அறுவையின்போது இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் ஹார்ட்-லங் மெஷின் மேல் பலரும் பழி போட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில், அறுவை செய்யாத இதய நோயாளிகளுக்கும் ஏறக்குறைய அதே சரிவு தெரிந்தது. அதாவது மெஷினைவிட, ஏற்கெனவே இருக்கும் ரத்தக்குழாய் நோய்க்குத்தான் இதில் பங்கு அதிகம் என்று தெரிகிறது. அதனால் பைபாஸ் முடிந்து வீடு திரும்பிய பிறகு பிரஷர், சுகர், கொழுப்பு மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.