இதழ் குவியாத உகரம்: மைக் இல்லாமல் ஒரு சோப்ரானோ குரல் கடைசி வரிசைக்குப் போகும் வழி

லண்டன் விக்மோர் ஹாலில் 552 இருக்கைகள். பெக்ஸ்டைன் பியானோ நிறுவனம் தன் கடைக்குப் பக்கத்திலேயே கட்டி 1901-இல் திறந்த அரங்கம் அது. பேர்பெற்ற ஆப்பெரா பாடகிகள், அவர்களில் சோப்ரானோ எனப்படும் உச்சக்குரல் பாடகிகளும், இங்கே வேஷமும் ஆர்க்கெஸ்ட்ராவும் இல்லாமல், ஒரு பியானோவை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு பாடுவார்கள். மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் நீளமுள்ள இரண்டு குரல்நாண்கள் கிளப்பும் ஒலி, அப்படியே கடைசி வரிசைவரை போயாக வேண்டும்.

பலமாக மூச்சைத் தள்ளுவதால் போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதில் பாதிகூட உண்மையில்லை. ஒரு பாட்டில் வரும் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் இது விளங்கிவிடும்.

ஜெர்மன் கவிஞர் கதேயின் ஃபவுஸ்ட் நாடகத்தில் வரும் ஒரு பாட்டுக்கு வியன்னாவின் இசையமைப்பாளர் ஷூபர்ட் 1814-இல், தன் 17 வயதில், இசையமைத்தார். நாடகத்தின் நாயகி கிரெட்சென் ராட்டையில் நூல் நூற்றபடி காதலனை நினைக்கிறாள். பியானோவின் வலது கை ராட்டைச் சக்கரமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அவன் நடை, புன்னகை, பார்வை, பேச்சு, கைப்பிடி என்று ஒவ்வொன்றாக நினைத்துவந்து கடைசியில் 'குஸ்' என்ற சொல்லை அடைகிறாள். முத்தம் என்று பொருள். அங்கே சக்கரம் நின்றுவிடும். பியானோ ஒரு கூட்டுச் சுரத்தை அழுத்திப் பிடித்திருக்க, குரல் மட்டும் தனியே நிற்கும். சுரம், மேல் ஸ்தாயி ஜி. நொடிக்கு 784 அதிர்வுகள்.

உயிரெழுத்துகளின் பிறப்பைச் சொல்லும்போது நம் இலக்கணம் அ, ஆ இரண்டும் அங்காப்பால் பிறக்கும், உ, ஊ இதழ் குவிவதால் பிறக்கும் என்கிறது. 'குஸ்' என்பதில் இருப்பது உகரம். ஆனால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பாடகியின் வாயைப் பாருங்கள். இதழ் குவிந்திருக்காது. தாடை நன்றாக இறங்கி, வாய் ஏறக்குறைய அங்காந்தே இருக்கும். பாட்டின் சூட்சுமம் முழுவதும் இந்த முரணில்தான்.

பேசும்போது பெண்குரல் நொடிக்குச் சுமார் 200 முறை அதிர்கிறது. குரல்நாண்கள் 200-ஐ மட்டும் தருவதில்லை. 400, 600, 800 என்று அதன் மடங்குகளையும் சேர்த்தே தருகின்றன. தொண்டை முதல் உதடு வரையுள்ள குழாய் இவற்றில் சிலவற்றைத் தூக்கிவிடுகிறது, சிலவற்றை அமுக்குகிறது. தூக்கிவிடும் அந்த இடங்களுக்கு ஒத்ததிர்வு என்று பெயர். முதல் ஒத்ததிர்வு உகரத்துக்குச் சுமார் 400 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 400 அதிர்வுகள்) இருக்கும், ஆகாரத்துக்கு 800-ஐ ஒட்டி இருக்கும். இதை நீங்களே கேட்கலாம். மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள், சத்தம் வேண்டாம். வாயை 'ஊ' சொல்வதுபோல் வைத்து, தாடைக்குக் கீழே கழுத்தின் பக்கவாட்டில் விரலால் சுண்டுங்கள். அப்படியே 'ஓ', 'ஆ' என்று வாயை மாற்றிக்கொண்டே சுண்டினால், 'டொக்' சத்தத்தின் சுருதி படிப்படியாக ஏறும்.

இப்போது மேல் ஜி-க்கு வருவோம். அங்கே குரல்நாண்கள் தருவது 784, 1568, 2352 என்று போகும். 400-இல் ஒன்றுமே இல்லை. பாடகி இதழைக் குவித்துச் சுத்தமான உகரமாகவே பாடினால், குழாய் தூக்கிவிடக்கூடிய இடத்தில் ஒலி இருக்காது. ஒலி இருக்கும் இடத்தில் குழாய் கைகொடுக்காது. குரல் ஒடுங்கிப்போகும். அதை ஈடுகட்ட மூச்சை முட்டித் தள்ளினால் கீச்சிடும். தேர்ந்த சோப்ரானோ தாடையை இறக்கி, உதடுகளை விரித்து, 400-இல் இருந்த ஒத்ததிர்வை 784-க்குக் கொண்டுவந்து சேர்க்கிறார். குழாயும் சுரமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தியதும், அதே மூச்சுக்குச் சத்தம் பன்மடங்காகிறது. ஸ்வீடனின் யோஹான் சுண்ட்பெர்க் 1970-களில் இதை விளக்கினார். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாடகியின் கீழுதட்டருகே ஒரு சிறு குழாய்வழி ஒலியைச் செலுத்தி, பாடும்போதே ஒத்ததிர்வை அளந்தார்கள். சுரம் ஏற ஏற ஒத்ததிர்வும் கூடவே ஏறுவது 2004-இல் வெளிவந்த அந்த அளவீட்டில் தெளிவாகத் தெரிந்தது.

இதற்குக் கொடுக்கும் விலை, சொல். ஒத்ததிர்வுகள் எங்கே இருக்கின்றன என்பதை வைத்துத்தான் நம் காது ஆ, ஈ, ஊ என்று பிரித்தறிகிறது. 1000 ஹெர்ட்ஸ் பக்கம் போனால் எல்லா உயிரும் ஏறத்தாழ ஒரே வாய், ஒரே ஒலி. உச்சத்தில் வார்த்தை புரியவில்லை என்று பாடகியைக் குறை சொல்வது நியாயமில்லை. மெய்யெழுத்துகளைக் கூர்மையாக வைப்பது மட்டுமே அவர் கையில் இருக்கிறது: 'குஸ்' என்பதில் முன்னே ஒரு 'க்', பின்னே ஒரு 'ஸ்'. நடுவில் இருப்பதைக் கேட்பவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

தாடை இறங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஹை சி எனப்படும் 1047 ஹெர்ட்ஸை ஒட்டி அது தீர்ந்துவிடும். மோட்சார்ட்டின் ஆப்பெராவில் வரும் இரவு ராணி என்ற பாத்திரம் தொடும் 1397 ஹெர்ட்ஸுக்கு முதல் ஒத்ததிர்வு எட்டாது. சில பாடகிகள் அங்கே இரண்டாவது ஒத்ததிர்வைத் துணைக்கு எடுத்துக்கொள்வது அளவீடுகளில் தெரிந்திருக்கிறது. ஆண் பாடகர்களின் வழி வேறு: குரல்வளைக்கு மேலுள்ள பகுதியைச் சீரமைத்து 3000 ஹெர்ட்ஸ் அருகே ஒலியைக் குவிக்கிறார்கள். ஆர்க்கெஸ்ட்ராவின் பலம் 500 ஹெர்ட்ஸ் பக்கம் இருப்பதால், மேலே அவர்களுக்கு இடம் காலியாகக் கிடைக்கிறது.

மூச்சுக்கு வேலையே இல்லை என்பதில்லை. பேச்சுக்கு 6 முதல் 8 சென்டிமீட்டர் உயர நீரைத் தாங்கும் அளவு மூச்சழுத்தம் போதும். பலமான மேல் சுரங்களுக்கு 30-ஐத் தாண்டும். நுரையீரல் நிறைந்திருக்கும்போது மார்புக்கூடு தானாகவே சுருங்கப் பார்க்கும். அதை விட்டுவிட்டால் முதல் நொடியிலேயே அழுத்தம் எகிறி, கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் விலா எலும்புகளை விரித்த நிலையிலேயே நிறுத்தி, மூச்சிழுக்கும் தசைகளாலேயே பிடித்துப் பிடித்து விடுகிறார்கள். இத்தாலியர்கள் இதை அப்போஜ்ஜோ என்பார்கள். அழுத்தமும் நாணின் இழுவிசையும் கணநேரம் பிசகினால் குரல் உடையும். நல்ல வைப்ராட்டோ, அதாவது நீட்டிய சுரத்தில் சுருதி மேலும் கீழுமாக அசைவது, நொடிக்கு 5 முதல் 7 முறை அசையும். களைப்பிலோ வயதிலோ அது 5-க்குக் கீழே இறங்கி அகலமாகும்போது குரல் தள்ளாடுவதாகக் காதில் விழும்.

மீதி வேலை அரங்கத்துடையது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறையும். அரங்கத்துக்குள் மேடையிலிருந்து சில மீட்டர் தாண்டிவிட்டால், சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பிய ஒலிதான் உங்களிடம் அதிகம் வந்து சேர்கிறது. நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் வந்துவிட்டால் அது எதிரொலியாகத் தோன்றாது. நேர்க்குரலோடு கலந்து அதைப் பெருக்கும்.

ஆனால் ஒலியை விழுங்குவதும் நாம்தான். ஹார்வர்டில் வாலஸ் சபைன் 1895-இல் தொடங்கி, ஓர் ஆர்கன் குழலையும் நேரக்கருவியையும் வைத்துக்கொண்டு, இரவு இரவாக மெத்தைகளைச் சுமந்துபோய் அடுக்கி, ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தார். அரங்கின் கனஅளவை (கன மீட்டரில்) 0.161-ஆல் பெருக்கி, அங்குள்ள பரப்புகளும் ஆட்களும் ஒலியை உறிஞ்சும் மொத்த அளவால் (சதுர மீட்டரில்) வகுத்தால் அந்த நேரம் நொடிகளில் கிடைக்கும். மாலைக் கச்சேரிக்குக் கனத்த கோட்டோடு 500 பேர் வந்து உட்கார்ந்ததும் உறிஞ்சல் கூடி, மதிய ஒத்திகையில் தளதளவென்று கேட்ட அதே அறை காய்ந்துபோகும். அனுபவமில்லாதவர் தன் குரல் சுருங்கிவிட்டதாகப் பயந்து அழுத்த ஆரம்பிப்பார். இரண்டாம் பாதியில் தொண்டை கட்டும். அனுபவசாலிகள் காதில் விழுவதை நம்புவதில்லை. வாயிலும் முகத்திலும் உணரும் அதிர்வையே பிடித்துக்கொள்வார்கள்.

இருக்கை எங்கே எடுக்கலாம்? 3000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 11 சென்டிமீட்டர். குரலுக்கு மினுக்கம் தரும் இந்த உயர் அதிர்வுகள் பெரும்பாலும் பாடுபவரின் முன்பக்கமாகவே போகும், பக்கவாட்டில் மங்கும். ஆகவே ஓரத்தைவிட நடு மேல். பால்கனிக்கு அடியில் ஆழமாக உட்கார்ந்தால் கூரையிலிருந்து திரும்பும் ஒலி வராது. வாயசைவைப் பார்க்க மூன்றாவது, நான்காவது வரிசை. கலந்த ஒலிக்கு, அரங்கின் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி. என்னைக் கேட்டால் முதல் தடவை முன்னே, அடுத்த தடவை பின்னே. பாட்டு வரிகள் அச்சிட்டுத் தருவார்கள். தாளைப் பாட்டு முடிந்த பிறகே திருப்புங்கள். பெரும்பாலும் ஒரு தொகுப்பு முழுதும் முடிந்தபின்தான் கைதட்டல்.

'குஸ்' முடிந்ததும் பியானோ உடனே கிளம்பாது. சக்கரம் ஒரு சுற்று சுற்றப் பார்த்து நிற்கும், மறுபடி தயங்கும், அப்புறம்தான் ஓடத் தொடங்கும். அந்த இடைவெளியில் அரங்கத்தில் மிஞ்சியிருப்பது, சற்றுமுன் பாடிய சுரம் சுவர்களுக்கிடையே அடங்கும் ஒலி மட்டும். இருமல் வந்தால் அதுவரை அடக்கிக்கொள்ளுங்கள்.