பிளாசிபோ: மருந்துப்போலி

‘போலி மருந்து’ என்று நாளிதழில் படித்ததும் நம் கண்முன் வருவது பூட்டி முத்திரையிட்ட கிடங்கும், பறிமுதல் செய்த அட்டைப்பெட்டிகளோடு நிற்கும் அதிகாரிகளும்தான். அதே நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் ‘நோயாளிகளில் பாதிப் பேருக்குப் போலி மருந்து தரப்பட்டது’ என்று வந்தால் வாசகர் திடுக்கிடாமல் என்ன செய்வார்? முதலாவது கள்ளச் சரக்கு. இரண்டாவது, நோயாளிகளிடம் சொல்லி ஒப்புதல் பெற்றபின் ஆய்வில் கொடுக்கப்படும், மருந்துச் சரக்கு இல்லாத மாத்திரை. ‘பிளாசிபோ’வை அவசரமாகத் தமிழாக்கியதால் வந்த குழப்பம் இது.

பிளாசிபோ ஒரு லத்தீன் வினைச்சொல். ‘நான் உவப்பாக இருப்பேன்’ என்பது பொருள். லத்தீன் விவிலியத்தின் சங்கீதம் ஒன்றில், வாழ்வோரின் நாட்டில் ஆண்டவருக்கு உவப்பாக இருப்பேன் என்னும் வரி இந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. இடைக்கால ஐரோப்பாவில் இறந்தவருக்கான மாலை வழிபாட்டில் அதைப் பாடினார்கள். சாவு வீட்டில் இல்லாத உறவைக் கொண்டாடி, வழிபாட்டில் சேர்ந்துகொண்டு, சாப்பாட்டுக்கும் சன்மானத்துக்கும் காத்திருந்தவர்கள் அங்கேயும் உண்டு. கூலிக்கு மாரடிப்பது நமக்கு மட்டுமே உரிய கலை அல்ல. நாளடைவில் ஒருவன் ‘பிளாசிபோ பாடுகிறான்’ என்றால் ஆமாம் சாமி போடுகிறான் என்று ஆங்கிலத்தில் பொருள் ஏற்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சொல் மருத்துவ அகராதிக்குள் புகுந்தது. நோயாளிக்குப் பயன் தருவதைவிட அவரைத் திருப்திப்படுத்தவே ஏற்ற மருந்து என்று 1811ஆம் ஆண்டின் அகராதி ஒன்று விளக்கம் சொல்கிறது. அதாவது, மருத்துவர் போடும் ஆமாம் சாமி.

அது ஆராய்ச்சிக் கருவியானது தனிக் கதை. அமெரிக்காவின் எலிஷா பெர்கின்ஸ், உடலிலிருந்து வலியை இழுத்துவிடும் என்று சொல்லி இரண்டு உலோகக் குச்சிகளுக்கு 1796இல் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தில் விற்பனை சக்கைப்போடு போட்டது. 1799இல் ஜான் ஹேகார்த் என்ற மருத்துவர் பாத் நகரில் மரக்குச்சிகளுக்கு உலோக வண்ணம் பூசி 5 நோயாளிகளின் உடலில் தடவிப் பார்த்தார். நான்கு பேர் வலி குறைந்தது என்றார்கள். மறுநாள் அசல் குச்சிகளைத் தடவியபோதும் அதே பலன்தான். குச்சி உலோகமா மரமா என்பது வலிக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

இதைப் பிடித்துக்கொண்டு ‘எல்லாம் மனசுதான்’ என்று பேசுபவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும் நாளில்தான் நாம் மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். அதற்குப்பின் பல நோய்கள் எது கொடுத்தாலும், எதுவுமே கொடுக்காவிட்டாலும் சற்றுத் தணியும். பிளாசிபோ பெற்றவர்களையும் சிகிச்சையே பெறாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளை டென்மார்க் ஆய்வாளர்கள் தொகுத்து 2001இல் வெளியிட்டார்கள். வலி போன்று நோயாளி தாமே சொல்லும் குறைகளில் சிறு பலன் தெரிந்தது. கருவி வைத்து அளக்கக்கூடியவற்றில் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. ஆகவே ஆய்வில் பிளாசிபோ இருப்பது அது மாயம் செய்கிறது என்பதற்காக அல்ல. தானாக வரும் மாற்றம் எவ்வளவு, மருந்தால் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அது வேண்டும்.

பிரித்துப் பார்க்க வேண்டுமானால் யாருக்கு எது போகிறது என்பது நோயாளிக்கும் தெரியக்கூடாது, கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது. இருபுற மறைப்பு என்பது இதைத்தான். 1975இல் வெளியான ஒரு வைட்டமின் சி ஆய்வில் இது எப்படிக் கிழிந்தது என்று பாருங்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவன ஊழியர்கள் 311 பேர் சளிக்கு வைட்டமின் சி உதவுகிறதா என்று பார்க்க முன்வந்தார்கள். ஒரு சாராரின் கேப்சூலில் வைட்டமின், மறு சாராருக்குப் பால் சர்க்கரை. ஆர்வம் தாங்காமல் பலர் கேப்சூலை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். புளித்தால் வைட்டமின், இனித்தால் பிளாசிபோ. இதற்கு ஆய்வுக்கூடம் எதற்கு? மேலோட்டமாகப் பார்த்தபோது வைட்டமின் எடுத்தவர்களுக்குச் சளி சீக்கிரம் விட்டதாகத் தெரிந்தது. தமக்கு எது வந்தது என்று கண்டுபிடிக்காதவர்களை மட்டும் தனியாகக் கணக்கிட்டபோது அந்த வேறுபாடு காணாமல் போயிற்று. தொடங்கிய 311 பேரில் முடித்தது 190 பேர்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதியில் விலகியவர்கள் எத்தனை பேர் என்ற வரியை நான் ஆய்வுச் சுருக்கத்தில் முதலில் தேடுவது இதனால்தான்.

அடுத்தது எண்கள். 1989இல் முடிவு வெளியான அமெரிக்க மருத்துவர்களின் ஆஸ்பிரின் ஆய்வை எடுத்துக்கொள்வோம். மாரடைப்பு 44 சதவீதம் குறைகிறது என்றது செய்தி. பொய் இல்லை. ஆனால் எதில் 44 சதவீதம்? பிளாசிபோ பெற்ற 11,034 பேரில் சுமார் 5 ஆண்டுகளில் மாரடைப்பு வந்தது 239 பேருக்கு. ஆஸ்பிரின் எடுத்த 11,037 பேரில் 139 பேருக்கு. ஆயிரத்துக்கு 22 என்பது 13 ஆயிற்று. ஆயிரம் பேர் ஐந்தாண்டுகள் மாத்திரை போட்டால் தப்புவது ஒன்பது பேர். மூளையில் ரத்தக் கசிவோ ஆஸ்பிரின் பக்கம் 23 பேருக்கும் மறுபக்கம் 12 பேருக்கும் வந்தது. கலந்துகொண்ட அனைவரும் ஆண்கள், எல்லோரும் மருத்துவர்கள். பிளாசிபோ பத்தியில் இருக்கும் எண்ணைப் பார்க்காமல் சதவீதத்தை மட்டும் படிப்பவர், மொத்த விலை தெரியாமல் தள்ளுபடியைக் கொண்டாடுகிறார்.

இதயத் துடிப்புக் கோளாறைச் சீராக்கும் என்கெய்னைடு, பிளெக்கெய்னைடு மருந்துகளின் கதை இன்னும் கடுமையானது. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களின் துடிப்பு வரைபடத்தை அவை அழகாகத்தான் திருத்தின. பிளாசிபோவோடு ஒப்பிட்டபோது மருந்து பெற்ற 755 பேரில் 63 பேரும், பிளாசிபோ பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். நோயாளி பார்க்க வேண்டியது வரைபடம் திருந்தியதா என்பதையா, ஆள் பிழைத்தாரா என்பதையா?

இனி தமிழ்ச் சொல். ‘வெற்று மாத்திரை’ என்பது எளிது, ஆனால் எல்லாம் மாத்திரை அல்ல. உப்புநீர் ஊசியும் உண்டு, அறுவை சிகிச்சையும் உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டனில் முழங்கால் தேய்மானத்துக்கு நடந்து 2002இல் வெளியான ஆய்வில் ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள்; உள்ளே கழுவும் நீரின் சலசலப்பைக்கூட எழுப்பினார்கள். இரண்டாண்டுகள் கழித்தும் உண்மையான சிகிச்சை பெற்றவர்கள் இவர்களைவிட மேலாக இல்லை. ‘ஆறுதல் மருந்து’ 1811ஆம் ஆண்டின் பொருளுக்குப் பொருந்தும், இன்றைய ஆய்வுக்குப் பொருந்தாது. அங்கே யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்வதில்லை.

எனக்குப் பிடித்தது, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள ‘மருந்துப்போலி’. ‘போலி மருந்து’ என்றால் மருந்து என்று ஏமாற்றி விற்பது. ‘மருந்துப்போலி’ என்றால் மருந்தைப் போல இருப்பது. நம் இலக்கணத்தில் போலி என்பது வசைச்சொல் அல்ல: பந்தல் பந்தர் ஆகிறது, முகம் முகன் ஆகிறது, ஓர் எழுத்தின் இடத்தில் இன்னொன்று நாணயமாக நிற்கிறது. எழுத்துப்போலியில் பொருள் மாறாது, மருந்துப்போலியில் சரக்கே இல்லை என்று இலக்கண ஆசிரியர்கள் மறுக்கலாம். மறுக்கட்டும். அறுவைக்கு ‘சிகிச்சைப்போலி’ என்று நீட்டிக்கொள்ளவும் இதில் வசதி இருக்கிறது.

ஒரு மருந்து மருந்துப்போலியை வென்றது என்பது பாதிச் செய்திதான். ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. புதியது அவற்றைவிட மேலா என்பதற்கு மருந்துப்போலியோடு நடத்திய ஆய்வு விடை சொல்லாது. ‘நான் இப்போது சாப்பிடும் மாத்திரையோடு ஒப்பிட்டிருக்கிறார்களா?’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் ஆய்வு என்றால், 2007இல் தொடங்கிய மருந்தாய்வுப் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எதை எதனோடு ஒப்பிடுகிறார்கள் என்பதற்கு ஒவ்வொரு பதிவிலும் தனி இடம் இருக்கிறது.